அயல்நாட்டில் ஆங்கிலம் கற்பிக்கச் செல்வோர்க்கு ஓர் ஆற்றுப்படை

பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு பாணனை வழியிடைக் கண்டு, இன்ன வள்ளலிடம் செல்வாயாக, இன்ன வழியாற் செல்வாயாக, சென்றால் இன்னின்ன பெறுவாய் என்று எடுத்துரைத்து ஆற்றுப்படுத்துவது நம் முன்னோர் கண்ட அரியதோர் இலக்கியத் துறையாகும். பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகளே. அவற்றுள் திருமுருகாற்றுப்படை இறைவன்பாற் செலுத்துவதாகலின் அதனை ஈண்டு ஒதுக்கி வைப்போம். ஏனைய நான்கும் வெறும் புகழ்ப்பாட்டுக்கள் அல்ல. எவ்வூரில் எவ்வுணவு கிடைக்கும், எவர் விருந்தோம்புவர் என்பனவெல்லாம் அவற்றுட் காணலாம். மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார், பன்றிக்கு வைத்த பொறிகள் எங்குள்ளன, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கற்கள் எங்கு வந்து வீழும், வழுக்கும் இடம் யாது என்பவற்றையும் கூத்தர்க்கு முன்னரே சொல்லி வைக்கிறார். வள்ளலின் பெருமையோடு வழியின் இடரையும் மறையாது சொல்லும் அவ்வுண்மையே இத்துறையின் உயிர் என்பது என் கருத்து.

இக்காலத்துப் பரிசிலர் யாவர் என வினவின், எங்கள் திருப்பூர்ப் பக்கத்தில் விடை எளிதிற் கிடைக்கும். தந்தை பனியன் கம்பெனியில் ஓவர்லாக் இயந்திரத்தில் தைப்பவர். தாய் செக்கிங் மேசையருகே நாள்முழுதும் நின்று துணியிற் குறை பார்ப்பவர். அவர்தம் மகளோ மகனோ ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. பட்டமும், பின்னர் பி.எட். பட்டமும் பெற்று நிற்கிறார். உள்ளூர்த் தனியார் பள்ளி தரும் சம்பளம், தந்தை சனிக்கிழமைதோறும் கொண்டுவரும் கூலியின் மாதக் கணக்கிற்குங் குறைவாயிருத்தல் அரிதன்று. அந்நிலையில், மாலைத்தீவிலோ, துபாயிலோ, ஓமானிலோ, தாய்லாந்திலோ ஆங்கில ஆசிரியர் வேண்டும் என்னும் செய்தி கைப்பேசி வழியே வந்து சேர்கிறது. சம்பளத் தொகை பெரிய எழுத்தில் இருக்கும். கடலும் தென்னையும் படத்தில் இருக்கும். கவண்கல் எங்கே வீழும் என்பது மட்டும் இராது.

இப்போக்கு நேற்று முளைத்ததன்று. யாழ்ப்பாணத்து மிஷன் கலாசாலைகளிற் கற்ற தமிழர் மலாயா நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தனர். எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசி, 1974-ம் ஆண்டில் அரசிழக்கும் வரையில், இந்திய ஆசிரியர் பலரைத் தம் நாட்டுப் பள்ளிகளுக்கு அழைத்துக்கொண்டார்; அவருட் பலர் கேரள நாட்டவர். நைஜீரியா 1976-ம் ஆண்டில் எல்லார்க்கும் தொடக்கக் கல்வி என்னும் திட்டத்தை எண்ணெய்ச் செல்வத்தின் துணைகொண்டு தொடங்கிய காலத்தை ஒட்டி அங்கும் நம்மவர் சென்றனர். 1986-ம் ஆண்டில் அந்நாட்டு நைரா நாணயத்தின் மதிப்புச் சரிந்தபோது, ஒப்பந்தத்திற் கண்ட எண் மாறாதிருக்க, வீட்டுக்கு அனுப்பும் தொகை தேய்ந்தது. சம்பளம் எவ்வளவு என்று கேட்போர், எந்நாட்டு நாணயத்தில் என்றுங் கேட்க வேண்டுவதன் காரணம் இதுவே.

எதிர்த் திசையில் வந்த ஆசிரியரையும் நாம் மறத்தலாகாது. நம் மிஷன் கலாசாலைகளே அயல்நாட்டு ஆங்கில ஆசிரியரால் எழுந்தவை அல்லவா? போப்பையர் 1839-ம் ஆண்டில் சென்னையில் வந்திறங்கியபோது அவருக்கு வயது பத்தொன்பது. இவ்வகுப்பில் என்னோடிருப்போரின் வயதே. கிறிஸ்தவக் கல்லூரியை வளர்த்த மில்லர் துரை 1862-ம் ஆண்டில் வந்தார். இவர்கள் தம் ஊரையும் உறவையும் துறந்து வந்தவரே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்க்குப் பின்னே ஒரு சங்கம் நின்றது. கப்பற் செலவு, குடியிருக்க வீடு, குறித்த சம்பளம், சில ஆண்டுகட்கு ஒருமுறை தாய்நாடு செல்ல விடுமுறை, நோயுற்றால் மீளும் வழி, இறந்தால் மனைவி மக்களுக்கு ஆதரவு ஆகிய இவற்றுக்கெல்லாம் பொறுப்பேற்க ஓர் அமைப்பு இருந்தது. தியாகிகளே இத்துணையும் எதிர்பார்த்தனர் என்றால், வயிற்றின் பொருட்டுச் செல்வோர் எதிர்பார்த்தல் பேராசை ஆகுமா?

இங்கே ஒன்று சொல்லாது போதல் நேர்மையன்று. அவ்வையர்மாரின் அருகிருந்து அதே பள்ளியிற் கற்பித்த நாட்டுக் கிறிஸ்தவ உபாத்தியாயரின் சம்பளம் அவர்கள் பெற்றதில் மிகச் சிறு பகுதி. சம்பளம் ஒருபுறமிருக்க, மேசையில் உடனமர்தலும் அரிதாயிருந்தது. திருநெல்வேலி வெள்ளாளன்விளையிற் பிறந்த அசரியா அவர்கள், 1910-ம் ஆண்டில் எடின்பரோ நகரிற் கூடிய உலக மிஷனெரி மகாநாட்டில் எழுந்து, நீங்கள் தந்தவற்றுக்கு நன்றி, இனி எங்களுக்கு நண்பரைத் தருக என்னும் பொருள்பட வேண்டினார். 1912-ம் ஆண்டில் அவரே டோர்ணக்கல் அத்தியட்சராகி, ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி எய்திய முதல் இந்தியரானார். ஒரே பள்ளியில் ஒரே பாடத்தைக் கற்பிக்கும் இருவரை, பிறந்த நாடு நோக்கி இருவகைச் சம்பளத்தில் நிறுத்தும் வழக்கம் இன்றும் பல நாடுகளில் உண்டு. தென் கொரியா, ஆங்கிலப் பேச்சு கற்பிப்போர்க்குரிய அனுமதியை ஏழு நாட்டவர்க்கே வழங்கிவந்தது. 2010-ம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தத்தின் வாயிலாகவே, ஆசிரியப் பயிற்சி பெற்ற இந்தியர்க்கு அக்கதவு சிறிது திறந்தது. ஆகவே நம் ஆசிரியர் அங்குச் சென்று தம்மிற் குறைந்த பட்டமுடைய ஒருவர் தம்மினும் மிக்க சம்பளம் பெறுவதைக் காண நேரிடலாம். அதனை முன்னரே அறிந்து செல்லுதல் வேறு. அது நியாயமென்று ஒப்புதல் வேறு.

இனி, தனியே செல்லும் ஆசிரியர் தலைவரிடம் எதிர்பார்க்கத் தக்கன யாவை? கேட்கப்படும் முதல் வினா பெரும்பாலும் சம்பளம் எவ்வளவு என்பதே. அவ்வினா இரண்டாவதாக வர வேண்டும் என்பதே யான் வற்புறுத்த விரும்புவது. முதல் வினா, விலக நேர்ந்தால் எப்படி விலகுவது என்பது.

இதனை யான் நூலிற் கற்கவில்லை. திருப்பூர்த் தெருவிற் கற்றேன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து தைக்கும் இளைஞர்க்குத் தமிழ் தெரியாது. அறையில் அறுவர் எழுவராய் உறங்குகின்றனர். அவர்க்குக் குறைகள் பல. ஆயினும் சனிக்கிழமை மாலையிற் கூலி வரவில்லையென்றால், திங்கட்கிழமை காலையில் அவர் அடுத்த தெருவிலுள்ள கம்பெனியின் வாயிலில் நிற்பார். ‘ஆட்கள் தேவை’ என்னும் பலகை தொங்காத வாயில் எங்கள் ஊரிற் குறைவு. முதலாளி சனிக்கிழமையை மறவாமைக்கு அவர்தம் நற்குணம் ஒரு காரணமாயிருக்கலாம், அப்பலகை பெருங்காரணம். 2023-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், வடநாட்டுத் தொழிலாளரைத் தமிழர் தாக்குகின்றனர் என்னும் பொய்ச்செய்தி பரவியபோது இது விளங்கிற்று. அஞ்சியவர் பலர் ஊருக்குப் புறப்பட்டனர். பீகார் அரசின் அதிகாரிகள் குழுவொன்று திருப்பூர் வந்து உண்மையறிந்து சென்றது. முதலாளிகளும் அரசும் தொழிலாளரின் அச்சம் தீர்க்க விரைந்தனர். போவேன் என்றவனைப் போகாதே என்று தடுக்க ஒருவரிடமும் அதிகாரம் இல்லாதிருந்ததே அவ்விரைவின் காரணம்.

இதற்கு மாறானதும் எங்கள் மண்டலத்திலேயே நிகழ்ந்ததுண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று வழங்கிற்று. ஏழைச் சிறுமியர் மூன்றாண்டு விடுதியிலே தங்கி உழைப்பர்; கூலியின் பெரும்பகுதி நிறுத்திவைக்கப்பட்டு, மூன்றாண்டு முடிந்தபின் திருமணச் செலவுக்கென ஒரு தொகையாய்த் தரப்படும்; இடையில் விலகினால் அத்தொகை கிட்டாது போகும். பெயரோ மங்கலப் பெயர்! விடுதிக் கதவு பூட்டியிருந்தது என்பதைவிட, ஈட்டிய பொருள் உள்ளே பூட்டியிருந்தது என்பதே அவரைக் கட்டியது.

அயல்நாடு செல்லும் ஆசிரியர், தாம் படித்தவர் என்பதால் ஒடிசாத் தையற்காரரினும் உயர்ந்த நிலையில் இருப்பதாக எண்ணுகிறார். உண்மையில் அவர் நூற்பாலைச் சிறுமியின் நிலைக்கே அணியர். அராபிய நாடுகளில் வழங்கும் கபாலா முறையில், அவர் அந்நாட்டில் இருக்கும் உரிமையே தலைவரின் பெயரைப் பற்றி நிற்கிறது. ஒரு பள்ளியில் மனம் முறிந்தால் அடுத்த பள்ளியின் வாயிலுக்கு நடந்து செல்ல இயலாது. கத்தார் நாடு, தலைவரின் இசைவுச்சீட்டின்றி வேலை மாறலாம் என்று 2020-ம் ஆண்டிலேதான் விதித்தது. ஆகவே எத்துணை மாத முன்னறிவிப்பு, தண்டத் தொகை உண்டா, வேறு பள்ளிக்கு மாறலாமா, ஊர் திரும்பும் விமானச்சீட்டு யார் செலவு என்பவை எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தில் ஒப்பமிடுதல் கூடாது.

வேதாகமத்தில் இதற்கொரு பழஞ்சான்று உண்டு. அயல்நாட்டில் வேலை செய்த யாக்கோபு, தன் தாய்மாமன் லாபானிடமே வேலை செய்தான். ஒப்பந்தமும் வாய்மொழியாகவே செய்தான். ராகேலுக்காக ஏழாண்டு உழைத்து லேயாளைப் பெற்றான். மீட்டும் ஏழாண்டு உழைத்தான். பின்னர் மந்தைக்காக ஆறாண்டு. அவ்விருபது ஆண்டில் அவன் சம்பளத்தை மாமன் பத்துமுறை மாற்றினான் என்று ஆதியாகமம் கணக்குச் சொல்கிறது. விலகும் வழி இல்லாமையால், லாபான் ஆட்டுமயிர் கத்தரிக்கச் சென்றிருந்த வேளை நோக்கி, மனைவி மக்களோடு ஒளிந்து புறப்பட்டான். மாமனோ ஏழுநாள் துரத்திக் கீலேயாத் மலையிற் பிடித்தான். தெரிந்தவர், உறவினர், நம்மவர் நடத்தும் பள்ளி என்பதால் எழுத்து வேண்டா என்போர் இக்கதையை மீட்டும் ஒருமுறை படித்தல் நலம்.

பாஸ்போர்ட் எனப்படும் கடவுச்சீட்டும் இவ்விலகலைச் சேர்ந்ததே. பத்திரமாய் வைத்திருக்கிறோம் என்று சொல்லிப் பள்ளி அலுவலகம் அதனை வாங்கிப் பூட்டிவைப்பது பல நாடுகளில் வழக்கமாயிருந்தது. நம் நாட்டின் 1967-ம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி, அச்சீட்டு எக்காலத்தும் மத்திய அரசின் உடைமை; அதனை வைத்திருப்பவர்க்கே அது சொந்தமன்று என்றால், தலைமையாசிரியர்க்கு எங்ஙனம் சொந்தமாகும்? ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ம் ஆண்டுத் தொழிற்சட்டமும், தொழிலாளரின் கடவுச்சீட்டைத் தலைவர் வைத்திருத்தலையும், ஆள் சேர்த்த செலவைத் தொழிலாளர் தலையிற் சுமத்துதலையும் விலக்குகிறது. இவற்றைச் சுட்டிப் பணிவோடு மறுக்கலாம். மறுத்தற்குரிய சொல் இருத்தலே பாதித் துணை.

சம்பளத்தைப் பற்றி இரண்டொரு சொல். அமீரகத்தில் 2009-ம் ஆண்டுமுதல் தனியார் நிறுவனச் சம்பளம் அரசு காணும்படி வங்கி வழியே செலுத்தப்படுகிறது. கையிற் பாதி, கணக்கிற் பாதி தருவோம் என்பவரிடம் அந்நாட்டில் ஐயங்கொள்ளலாம். ஓராண்டு முடித்தவர் விலகுங்கால், முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாட் சம்பளமும், அப்பால் ஆண்டொன்றுக்கு 30 நாட் சம்பளமும் பணிக்கொடையாகப் பெறுவர். இது அடிப்படைச் சம்பளத்தின்மேற் கணக்கிடப்படுவது. மொத்தத் தொகையைப் பெரிதாக்கி அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக்கி எழுதும் ஒப்பந்தத்தின் நுட்பம் இப்போது விளங்கும். கோடை விடுமுறை இரண்டு மாதத்திற்குச் சம்பளம் உண்டா என்பதும் கேட்கத் தக்கது. எங்கள் பக்கத்துத் தமக்கை ஒருவர் ஓர் அராபிய நாட்டுப் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியையாகச் சென்றார். சென்றபின் காலையிற் பேருந்துக் காவலும், இரவில் விடுதிக் காவலும் அவர் கடமையாயின. விடுமுறை வந்ததும் சம்பளம் நின்றது. ஒப்பந்தத்தில் ‘பள்ளி இடும் பிற பணிகள்’ என்று ஒரு வரி இருந்ததாம். அவ்வரியைத் தாம் வாசித்ததாகவே அவர் கூறுகிறார். அதனுள் ஒரு விடுதி அடங்கும் என்று அவர் எப்படி அறிவார்?

வீட்டைப் பற்றிய எச்சரிக்கை ஜப்பானிலிருந்து வருகிறது. அங்கு நோவா என்னும் பெரிய ஆங்கிலக் கல்வி நிறுவனம் 2007-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வீழ்ந்தபோது, ஆயிரக்கணக்கான அயல்நாட்டு ஆசிரியர் சம்பளமின்றி நின்றனர். நிறுவனமே வீடு பிடித்துக் கொடுத்து, வாடகையைச் சம்பளத்திற் கழித்து வந்தது. கழித்த வாடகை வீட்டுக்காரரைச் சேராமையால் வேலையோடு வீட்டையும் இழந்தோர் உளர். அதே நாட்டில் 1987-ம் ஆண்டுமுதல் அரசு நடத்திவரும் ஜெட் திட்டத்திலோ, ஓராண்டு ஒப்பந்தம், ஐந்தாண்டு வரை புதுப்பிக்கும் வாய்ப்பு, போக்குவரத்துச் செலவு எல்லாம் முன்னரே வரையறுக்கப்பட்டுள்ளன. நாடு ஒன்றே, மக்கள் ஒருவரே, வேறுபாடு தாளில் உள்ளது.

நம் அரசு காவாதோ என்று கேட்கலாம். 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் குறித்த சில நாடுகட்கு வேலைக்குச் செல்லுமுன் அரசின் அனுமதி பெறல் வேண்டும். பட்டதாரிக்கு அது வேண்டா. கற்றவர் தம்மைத் தாமே காத்துக்கொள்வர் என்பது சட்டஞ் செய்தோரின் எண்ணம் போலும்! கொத்தனாரின் ஒப்பந்தத்தைப் பார்க்க ஓர் அதிகாரியேனும் உண்டு. ஆசிரியரின் ஒப்பந்தத்தை அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். சுற்றுலா அனுமதியில் வா, வந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்பவரை ஒருபோதும் நம்பலாகாது. தாய்லாந்தில் வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட தமிழ் இளைஞர் சிலர், எல்லை கடத்தப்பட்டு மியான்மாரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடி செய்யும்படி வருத்தப்பட்டு, 2022-ம் ஆண்டில் மீட்கப்பட்டதை நாம் அறிவோம்.

இத்துணையும் கேட்க வேண்டும் என்று யான் சொல்லியபோது, எம் வகுப்பு நண்பர் ஒருவர், ‘ஆசிரியர் இவ்வாறு பேரம் பேசுதல் அழகா?’ என்றார். இவ்வெண்ணம் ஆழ வேரூன்றியது. தையற்காரர் கூலி பேசக் கூசுவதில்லை. அவர் மகள் பட்டம் பெற்றவுடன் கூசுகிறாள். நன்னூலார் நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை சொன்னார். ஆசிரியராகாதவர்க்குப் பருத்திக் குண்டிகையையும் ஓர் உவமையாக்கினார் என்பது பருத்தி நாட்டவராகிய எமக்குச் சிறிது வருத்தமே. ஆசிரியர்க்குச் சோறிடுவோன் எத்தகையனாயிருத்தல் வேண்டும் என்பதற்கு அவர் அங்கு இலக்கணம் வகுத்திலர். ஆனால் சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார், அதியமான் தம்மை நேரிற் காணாது அனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்தார் என்று புறநானூறு காட்டுகிறது. பசித்த புலவரே, என்ன தருகிறாய் என்பதோடு எவ்வாறு தருகிறாய் என்றுங் கேட்டார். அதனை எவரும் பேரம் என்று இகழவில்லை.

பள்ளி நடத்துவோர் தரப்பிலும் குறையுண்டு. ஆண்டின் நடுவில் சொல்லாமற் புறப்பட்டு மாணாக்கரைத் தவிக்க விடும் ஆசிரியரும் இலர் அல்லர். விலகும் முறை எழுத்தில் தெளிவாயிருத்தல் அவர்க்கும் காப்பே.

ஆதலின் நம் தமிழ்ச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். இக்கல்லூரியிற் கற்று அயல்நாடுகளில் ஆங்கிலம் கற்பிப்போர் பலர் உளர். அவர் ஒவ்வொருவரையும் ஒரு கடிதம் எழுதித் தரக் கேட்போம்: எந்நாடு, சம்பளம் எந்நாளில் வந்தது, வீடு யார் பெயரில், கடவுச்சீட்டு யார் கையில், விலகியபோது நடந்தது யாது. பள்ளியின் பெயர் எழுதுவதும் எழுதாததும் அவர் விருப்பம். அக்கடிதங்களை நாடுவாரியாகத் தைத்து நூலகத்தில் வைப்போம். ஒப்பமிடப் போகும் மாணாக்கர் ஒருநாள் மாலை அமர்ந்து படிக்கட்டும். மேலே யான் கூறிய தமக்கை முதற் கடிதம் எழுத இசைந்திருக்கிறார். தம் ஒப்பந்தத்தின் படியொன்றையும் உடன் இணைப்பதாகச் சொன்னார். அந்த ஒரு வரியின்கீழ்ச் சிவப்பு மையாற் கோடிட்டு.